ஸ்டெப்னி மட்டும் பாக்கி

ஜூலை 18, வெள்ளி

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். அதுவும் முழுசாக இல்லை, ஒரு கண் என்மேல்தான் இருக்கிறது. ஃபேன் சத்தத்தில் தூங்குகிறவள், நான் பேனா மூடியைத் திறந்தால் எழுந்துகொள்கிறாள். இது உங்கள் வம்சத்துப் பழக்கம்.

நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். போன் பேசினால் "கேக்குதா, இப்ப கேக்குதா" என்பதிலேயே உங்கள் சிக்னல் தீர்ந்துவிடுகிறது. அதனால் அன்றன்றைக்கு நடந்ததை டைரியில் எழுதி, பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னீர்கள். ஒடிசா மலையில் அந்தத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று படிப்பீர்களாம். ஏணி ஈரமாக இருந்தால் ஏற வேண்டாம். படிக்காவிட்டால்கூடப் பரவாயில்லை. இல்லை, படியுங்கள். ஏணியைத் துடைத்துவிட்டு ஏறுங்கள்.

இங்கே நம் பைப் வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது. போர் போடுகிற ரிக் வண்டி உங்களோடு அங்கே இருக்க, இது மட்டும் சர்வீசுக்கு வந்து ஒரு மாதமாக நம் வாசலை அடைத்துக்கொண்டிருக்கிறது. திருச்செங்கோட்டில் வாசலில் லாரி நிற்காத வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று அத்தை சொல்வார்கள். என்னைக் கொடுத்தபோது ரொம்ப யோசிக்கவில்லை போலிருக்கிறது.

ஆவணி பிறந்ததும் வண்டி பைப் ஏற்றிக்கொண்டு உங்களிடம் வர வேண்டும். டயர் ஆறும் மொட்டை. "டயரையும் டிஸ்க்கையும் நீயே பாத்து முடிவு பண்ணு தாரணி, நீதான் பிசிக்ஸ் படிச்சவ" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள். டிஸ்க் என்றால் டயருக்கு உள்ளே இருக்கிற இரும்புச் சக்கரம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் பாடத்தில் உராய்வு என்று ஒன்று இருந்தது உண்மைதான். அதில் ஒரு மரக்கட்டை சரிவில் நிற்கும். அது நழுவினால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது.

வீட்டில் இப்போது மூன்று கட்சி. நீங்கள் அனுப்பிய வீடியோவில் இருக்கிற அகலமான டயர், பின்னால் ஜோடி இல்லாமல் ஒற்றையாகப் போடுவது, அது உங்கள் கட்சி. பழைய டயருக்கே மேல்தோல் ஒட்டி ரீட்ரெட் பண்ணிப் போட்டால் போதும் என்பது உங்கள் அப்பா கட்சி. எந்த டயராக இருந்தாலும் எலுமிச்சம்பழம் நல்லா நசுங்க வேண்டும் என்பது அத்தை கட்சி. நான் இன்னும் எதிலும் சேரவில்லை. ஆடி பிறந்துவிட்டது, பதினெட்டு வரைக்கும் புதுசு எதுவும் வாங்கக் கூடாது. அதனால் யோசிக்க நேரம் இருக்கிறது. யோசிப்பதுதான் எனக்கு நல்லா வரும் என்று உங்களுக்கே தெரியும்.

ஜூலை 19, சனி

பாப்பா இன்றைக்கு வண்டியின் பின்சக்கரத்தைப் பிடித்து எழுந்து நின்றாள். முதல் தடவை. மொட்டை டயரில் அவளுக்கு எப்படியோ பிடிமானம் கிடைத்தது. உடனே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

சங்ககிரி ரோட்டில் சென்னியப்பன் டயர் கடைக்குப் போனேன். வாங்க இல்லை, பார்க்க மட்டும். பார்ப்பதற்கு ஆடி தடை இல்லையென்று அத்தையிடம் கேட்டுக்கொண்டுதான் போனேன்.

இடுப்பில் பாப்பா, தோளில் டயப்பர் பை. கடைக்காரர் எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். "ஆம்பளைங்க ஆரும் வரலீங்களா அம்மிணி?" என்றார். ஒருத்தர் ஒடிசாவில் தொட்டி மேல் நிற்கிறார், இன்னொருத்தர் வீட்டில் பழைய டயருக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்றேன். சிரித்துவிட்டு நாற்காலி போட்டார். பாப்பாவுக்கு ஒரு சின்ன டயரைப் படுக்கப் போட்டு நடுவில் உட்கார வைத்தார். அவள் அதிலிருந்து வெளியே வரவே மாட்டேன் என்றுவிட்டாள்.

நான் டயப்பர் வாங்கும்போது கேட்கிற கேள்விகளையே வரிசையாகக் கேட்டேன். எவ்வளவு எடை தாங்கும். நனைந்தால் என்ன ஆகும். ஓரத்தில் கிழியுமா. கிழிந்தால் பாதி வழியில் என்ன செய்வது. அவர், இந்த ஊரில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், ஓரத்தைப் பற்றி முதலில் கேட்ட ஆள் நீங்கள்தான் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. டயப்பர் என்று சொல்லவில்லை.

அவர் சொன்னது இதுதான். ரேடியல் டயர் தார் ரோட்டுக்கு ராஜா, ஆனால் பக்கவாட்டு மெல்லிசு. மலையில் கூர்க்கல் பக்கத்தில் கிழித்தால் ஒட்டுப் போட முடியாது. நைலான் டயர் பக்கம் தடிமன், முரட்டுத்தனம். மேலே இருக்கிற ரப்பர்க் கட்டிகள், பட்டன் என்கிறார், பெரிசாகவும் ஆழமாகவும் இருந்தால் சேற்றைப் பிடிக்கும், பிடித்த சேற்றைத் துப்பவும் செய்யும். தார் ரோட்டில் மட்டும் ஹோ என்று கத்தும்.

உங்கள் வீடியோவைக் காட்டினேன். மரியாதையாக முழுசும் பார்த்தார். பிறகு சொன்னார்:

"பாக்கறக்கு நல்லாத்தானுங் இருக்குது. ஆனா இதுக்கு உங்க டிஸ்க்கு பத்தாது, அகலமா வேற போடோணும். ஜோடியா மாட்டினா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒரசும், நடுவுல கல்லு சிக்கும். ஒத்தையா மாட்டுனா, காட்டுக்குள்ள அது வெடிச்சா வண்டி அங்கயே படுத்துக்கும். ஜோடின்னா ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கிட்டு ஊடு வந்து சேந்துரும்."

இதை நான் வேறு எதற்கும் எழுதவில்லை. டயரைத்தான் சொல்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

உங்கள் பதில் வந்தது. "வைடு டயர்தான் கெத்து. நல்லா யோசி." யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மத்தியானம் டிரைவர் பொன்னுசாமி அண்ணன் வந்தார். அத்தை சாப்பிட உட்கார வைத்தார்கள். வண்டியை ஓட்டுகிறவரைக் கேட்காமல் டயர் எடுப்பது சரியில்லை என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மலையில் வண்டி எப்படிப் பிடிக்கும் என்று கேட்டேன். சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார். காய்ந்த ரோட்டில் பிரச்சினை இல்லை, செம்மண் நனைந்தால்தான் சோப்பு மாதிரி ஆகிவிடுமாம்.

"தை மாசம் அந்த ஏத்தத்துல சறுக்கிட்டுப் பின்னால வந்துச்சு பாருங், மௌலி தம்பி சக்கரத்துக்குக் கல்லு வெக்கறதுக்குள்ள..."

அத்தை ரசச்சட்டியோடு வந்து அவர் இலையில் ஊற்றினார்கள். சாம்பார் சாதத்தின் மேலேயே. இலை ததும்பி அவர் வேட்டிக்கு வந்துவிட்டது. அண்ணன் இலையைத் தூக்கிப் பிடித்தாரே தவிர அதற்கப்புறம் பேசவில்லை. கை கழுவும்போதுகூட என் பக்கம் திரும்பவில்லை. அத்தை அடுப்படியில் பாத்திரத்தை ரொம்ப நேரம் தேய்த்தார்கள்.

அண்ணன் மௌலி தம்பி என்றது உங்களைத்தான். தை மாதம் நீங்கள் காலில் கட்டோடு வந்தீர்கள். லாட்ஜ் பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றீர்கள். பாப்பா அப்போது கைக்குழந்தை, நான் அந்தக் காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தடவினேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா எழுதுகிறேன்.

அந்த பாத்ரூம் ஏற்றமாகவா இருந்தது?

ஜூலை 24, வியாழன்

செவ்வாய்க்கிழமைப் பக்கம் உங்களுக்கு வந்துவிட்டது. இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. பதில் மட்டும் வரவில்லை. தொட்டி மேல் பார்க்க முடிகிறது, எழுத முடியவில்லை போலிருக்கிறது. சிக்னலில் அப்படி ஒரு வகை இருக்கலாம். எங்கள் பாடத்தில் வரவில்லை.

இன்றைக்கு ஆடி அமாவாசை. காலையில் உங்கள் அப்பா ஒரு டெம்போவில் ரீட்ரெட் டயர்களோடு வந்து இறங்கினார். ஆடியில் வாங்கலாமா மாமா என்று கேட்டேன். "புதுசுதான் வாங்கப்படாது அம்மிணி. இது பழசுதானே?" என்றார். சாஸ்திரத்தில் இந்தச் சந்து இருப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது. கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டிய ஆள், போர் போடப் போய்விட்டார்.

மாட்டி முடித்து, டிஸ்க்குக்கெல்லாம் வெள்ளி பெயின்ட் ஒரு கோட் கொடுத்து, அமாவாசை பூஜை போட்டார். மற்ற வீடுகளில் ரேடியேட்டருக்கு ஒரு பொட்டோடு விட்டுவிடுவார்கள். இவர் ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து, ஒவ்வொரு நட்டுக்கும் கீழே சந்தனம், அதன்மேல் குங்குமம். பாப்பாவுக்குப் பவுடர் போடும்போது நான்கூட இவ்வளவு பொறுமையாகப் போடுவதில்லை. தை மாதத்தில் போட்டிருந்ததும் இவர் வாங்கிய ரீட்ரெட்தான் என்று எனக்குத் தெரிகிறது. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், பொன்னுசாமி அண்ணன் வேட்டியைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கும்போது பேச்சு வந்தது.

"ஞாயித்துக்கிழம தோப்புக்கு ஓட்டிப்போயி, தேங்கா ஏத்திக்கிட்டு வந்து காட்டறேன். அப்பறம் சொல்லு உன்ற நைலானு கதையை" என்றார்.

சரிங்க மாமா என்றேன்.

ஜூலை 26, சனி

சாயங்காலம் தோப்பு மோட்டாரைப் போட்டுவிட்டு வரச் சொன்னார் உங்கள் அப்பா. போட்டேன். திரும்பிப் போய் நிறுத்துவதற்குள் பாப்பா அழுதாள், அவளைச் சமாதானப்படுத்துவதில் மறந்தே போய்விட்டது. குழந்தை இருக்கிற வீட்டில் இதெல்லாம் சகஜம்.

ஜூலை 27, ஞாயிறு

ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஓடியிருக்கிறது. அதுவும் மரங்களுக்குப் போகவில்லை. வண்டி போகிற பாதை ஓரமாக வாய்க்கால் உடைந்து, அத்தனையும் பாதைக்கு வந்துவிட்டது. எலி பறித்திருக்கும். இந்தப் பக்கத்து எலிகள் பெரிசு.

உங்கள் அப்பா வெள்ளை வேட்டியில் வந்து, பொன்னுசாமி அண்ணனைக் கீழே இறக்கிவிட்டுத் தானே ஸ்டியரிங்கைப் பிடித்தார். நாங்கள் எல்லாரும் பின்னாலேயே நடந்தோம். சேற்றைப் பார்த்ததும் அண்ணன் வேண்டாமுங் என்றார். "ஒடிசாவுல இதவிட மோசத்துல போன வண்டி" என்று உள்ளே விட்டார்.

முன்சக்கரம் தாண்டிவிட்டது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் பட்டனெல்லாம் சேறு அப்பி, மோதகத்துக்குப் பிடித்து வைத்த மாவு மாதிரி ஆகிவிட்டது. சுற்றச் சுற்ற வண்டி பூமிக்குள் போனது. வேப்பமரத்தடியில் இருந்ததைவிட உயரம் குறைந்து, கேபினில் இருந்த உங்கள் அப்பா கிட்டத்தட்ட என் உயரத்துக்கு வந்துவிட்டார். பாப்பா அவரைப் பார்த்துக் கை தட்டினாள். நான் சொல்லித் தரவில்லை.

இழுக்க டிராக்டர் வேண்டும். பக்கத்துத் தோட்டம் யாருடையது என்று உங்களுக்கே தெரியும். வரப்புத் தகராறுக்கு அப்புறம் உங்கள் அப்பா முகம் கொடுத்துப் பேசாத பங்காளி, கந்தப்பன் சித்தப்பா. கூப்பிடாமலே டிராக்டரோடு வந்து நின்றார். இந்தியா முழுக்க ஓடுகிற வண்டி சொந்தத் தோப்புக்குள் நிற்கிறதே என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். சங்கிலி கட்டுவதற்கு முன்னால் நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். உங்கள் அப்பா கேபினை விட்டு இறங்கவே இல்லை. சாமி சப்பரத்தில் வருகிற மாதிரி உட்கார்ந்தபடியே இழுபட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது, என்னைப் பார்க்காமல், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துச் சொன்னார்: "அந்த நைலானுக்கு என்ன சைசு?"

ஜூலை 28, திங்கள்

காலையில் எழுந்து பார்த்தால் என் செருப்பில் இருந்த தோப்புச் சேற்றை யாரோ சுத்தமாகக் கழுவிக் காய வைத்திருக்கிறார்கள். மண்வெட்டியையும் கழுவியிருக்கிறார்கள். அத்தை காபி கொடுக்கும்போது, "தென்னைக்குத் தண்ணி நல்லாப் பாஞ்சிருக்குது" என்று மட்டும் சொன்னார்கள்.

ஜூலை 30, புதன்

இன்னும் பதில் இல்லை. நீல டிக் தவறாமல் விழுகிறது.

இன்றைக்கு ஒரு பயம். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, கழுவி நிறுத்தியிருந்த வண்டியைச் சுற்றி வந்தேன். ஒரு கண் தப்பிய நேரத்தில் பின்சக்கரத்துச் சிவப்பை விரலால் தொட்டு வாயில் வைத்துவிட்டாள். குங்குமத்தில் என்ன கலக்கிறார்களோ. வாயைக் கழுவி, நாக்கைப் பார்த்து, வாந்தி வருகிறதா என்று காத்திருந்து, வராததால் இன்னும் பயந்து, கடைசியில் அவளைத் துடைக்கிற ஈரத் துணி பாக்கெட்டை எடுத்து வந்து சக்கரங்களையும் துடைக்க ஆரம்பித்தேன். உங்கள் அப்பா பார்த்துவிட்டு அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னார், உன் மருமகள் லாரிக்கு மூஞ்சி கழுவி விடுகிறாள் என்று. மூன்று நாளாகச் சிரிக்காத ஆள் சிரித்தார், அதனால் நானும் விட்டுவிட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. தோப்புச் சேற்றைக் கழுவியதிலேயே மற்ற பொட்டெல்லாம் போயிருந்தது. பின்பக்கம் இடது சக்கரத்தில் மட்டும் நட்டிலிருந்து கீழ்நோக்கி ஒரு சிவப்புக் கோடு. துடைத்தால் போகிறது. பாப்பாவுக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். குங்கும வாசனை இல்லை. ஈர இரும்பு வாசனை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நேற்றுக் காலையும் அந்தக் கோடு வந்திருந்தது. பொன்னுசாமி அண்ணனை வரச் சொல்லி, உங்கள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். குங்குமம் கரைந்து வழியும், வருஷா வருஷம் இப்படித்தான் வழியும் என்றார் உங்கள் அப்பா. யாரும் துடைக்க மாட்டார்களாம், சாமிப் பொட்டு என்று.

அண்ணன் கம்பி பிரஷ் எடுத்து வந்தார். பெயின்ட் உரிய உரிய உள்ளே இன்னொரு பெயின்ட் வந்தது. ஆயுத பூஜைக்கு ஒன்று, அமாவாசைக்கு ஒன்று, இத்தனை வருஷப் பூச்சு. கடைசியில் இரும்பு தெரிந்தபோது, இந்த நட்டு ஓட்டையிலிருந்து அடுத்த நட்டு ஓட்டைக்குத் தலைமயிர் மாதிரி ஒரு வெடிப்பு. அதற்குள் தண்ணீர் போய், துருதான் சிவப்பாக வழிந்துகொண்டிருந்திருக்கிறது. எல்லாச் சக்கரத்தையும் கழற்றித் தேய்த்தார்கள். எதிர்ப்பக்கத்து உள்சக்கரத்திலும் ஒன்று இருந்தது.

பைப் லோடோடு மலை இறங்கும்போது இது விட்டால் டயர் நைலானாக இருந்தால் என்ன, தங்கமாக இருந்தால் என்ன என்றார் அண்ணன்.

உங்கள் அப்பா அந்த டிஸ்க்கைத் தரையில் போட்டு, பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். கட்டை விரலால் வெடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தார். பொட்டு வைக்கிற அதே விரல்.

"வெடிப்பு மேலயா அம்மிணி நான் இத்தன வருசம் பொட்டு வெச்சுக்கிட்டு இருந்தேன்?"

பாப்பாவை அவர் மடியில் விட்டேன். அவள் அவர் மீசையைப் பிடித்து எழுந்து நின்றாள். பிடிமானம் எங்கே கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே தானாகச் சொன்னார்கள். தை மாதம் வண்டி சறுக்கி உங்கள் கால்மேல் ஏற இருந்து உரசிப் போனதை இவர்கள் எல்லாரும் பேசி வைத்துத்தான் மறைத்தார்களாம். "நீ பச்ச ஒடம்புக்காரி. கேட்டுப் பயந்தீன்னா பால் வத்திப்போயிரும்னு நாந்தான் சொல்ல வேண்டாமுன்னேன்." அத்தையைக் கோபித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். வெங்காயத்தில் இரண்டு பேருக்குமே கண் எரிந்ததால் முடியவில்லை.

பால் வற்றவில்லை என்று எழுதிக்கொள்கிறேன். விஷயம் தெரிந்த பிறகும் வற்றவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஊரெல்லாம் காவிரிக்குப் போனது, நாங்கள் டயர் கடைக்குப் போனோம். உங்கள் அப்பா, அத்தை, அண்ணன், நான், பாப்பா. சென்னியப்பன் இத்தனை பேரைப் பார்த்துவிட்டு நகைக்கடை மாதிரி எல்லாருக்கும் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார்.

முடிவை நான் சொன்னேன். டிஸ்க் ஆறும் புதுசு, கம்பெனி கொடுத்த அதே அளவு, ஒரு விரல்கூட அகலம் கிடையாது. டயர் ஆறும் நைலான். பின்னால் நாலும் ஆழமான பட்டன் போட்டது, ஜோடியாக. முன்னால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு அடங்குகிற மாதிரி பட்டன் கொஞ்சம் குறைச்சலானது. உங்கள் வைடு டயர் இல்லை. பாப்பா பெரியவளாகி ஜீப் கேட்டால் அப்போது அவளுக்குப் போட்டுக் கொடுங்கள்.

உங்கள் அப்பா ஒரு தடவைகூட ரீட்ரெட் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு டயரின் பக்கத்தையும் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஓரம் தடிமனாத்தான் இருக்குது" என்றார், ஏதோ அவர் கண்டுபிடித்த மாதிரி. நானும் ஆமாங்க மாமா என்றேன். புது டிஸ்க்குக்கு இனிமேல் பொட்டு சக்கரத்தின் நடுவில் மட்டும்தான், நட்டுப் பக்கம் கிடையாது, அமாவாசைக்கு அமாவாசை துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் வைப்பது என்று அவரே சட்டம் போட்டிருக்கிறார். துடைக்கிற ஈரத் துணி பாப்பாவுடையதுதான். ஒரு பாக்கெட் வண்டி கேபினிலேயே இருக்கும்.

எலுமிச்சம்பழத்தில்தான் தகராறு. ஜோடிச் சக்கரத்துக்கு ஒரு பழமா இரண்டா? இரண்டும் தனித்தனி டயர்தானே என்கிறார்கள் அத்தை. ஒரே இடத்தில் ஏறி இறங்குவதால் ஒன்று போதும் என்கிறார் உங்கள் அப்பா. ரீட்ரெட் குணம் முழுசாகப் போகவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஆறு சக்கரமும் மாட்டியாகிவிட்டது. வண்டி வேப்பமரத்தடியில் முன்னைவிட ஒரு சாண் உயரமாக நிற்கிற மாதிரி இருக்கிறது. நேற்று அதே தோப்புக்குள் விட்டுப் பார்த்தோம். இந்தத் தடவை மோட்டாரை உங்கள் அப்பாவே போட்டு, பாதைக்கு அவரே தண்ணீர் விட்டார். வண்டி சேற்றைத் துப்பிக்கொண்டு போய்த் தேங்காயோடு திரும்பி வந்தது. கந்தப்பன் சித்தப்பா டிராக்டரோடு காத்திருந்து ஏமாந்துபோனார். போகும்போது அவருக்கு ஒரு மூட்டை தேங்காய் கொடுத்தனுப்பினார் உங்கள் அப்பா. பேசவில்லை, கொடுத்தார்.

இப்போது ஒரே ஒரு குறை. ஸ்டெப்னி. வண்டிக்கு அடியில் அதைத் தொங்கவிடுகிற சங்கிலி காலியாகத்தான் இருக்கிறது. சென்னியப்பன் எடுத்து வைத்திருக்கிறார், நான்தான் இன்னும் வாங்கவில்லை. பொன்னுசாமி அண்ணனிடம் ஸ்டெப்னி இல்லாமல் கிளம்புவீர்களா என்று கேட்டேன். மலைக்கா, சாமி சத்தியமாக மாட்டேன் என்றார். அத்தையும் உங்கள் அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அத்தை எலுமிச்சம்பழத்தை ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்துவிட்டார்கள்.

ஆக, ஆறு டயரை நான் முடிவு பண்ணினேன். ஏழாவதை நீங்கள் வந்து முடிவு பண்ணுங்கள். ஆவணி பன்னிரண்டு பாப்பாவுக்குக் காது குத்து. "நான் இல்லாமயே நடத்திருங்க, வண்டி மட்டும் ஒண்ணாந் தேதி வந்தாப் போதும்" என்று போகும்போது சொன்னீர்கள். இப்போது ஒண்ணாந் தேதி வண்டி வராது. வண்டி வராமல் அங்கே உங்களுக்கும் வேலை இல்லை. பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. அவள் காது குத்தி முடிந்ததும் நீங்களும் அண்ணனும் சேர்ந்து பழம் நசுக்கிவிட்டு வண்டியிலேயே போகலாம். உங்களை அந்த வண்டியில் ஏற்ற எனக்கு இப்போது கொஞ்சம் தைரியம் இருக்கிறது. முழுசாக இல்லை. கொஞ்சம்.

எலி, மோட்டார், எதையும் உங்கள் அப்பாவிடம் சொல்ல வேண்டாம். அவருக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம். நேற்று வாய்க்காலை மண் போட்டு அடைத்துவிட்டு, மண்வெட்டியை என் கையில் கொடுத்து, "எலிகிட்டக் குடுத்துரு" என்றார்.

அந்த ஏற்றத்தில் நடந்ததை நான் இன்னும் உங்கள் வாயால் கேட்கவில்லை. எந்த இடம், என்ன மழை, கல்லை வைத்தீர்களா இல்லையா, கால் எவ்வளவு பக்கத்தில் இருந்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். பாத்ரூமை விட்டுவிடுங்கள். நான் பயப்படுவேன்தான். பயந்துகொண்டேதான் இத்தனையும் செய்தேன், ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பாப்பா புரண்டு படுக்கிறாள், விளக்கை அணைக்க வேண்டும். இதைப் படித்ததும் தொட்டியை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

தாரணி